கடற்சாமந்திக்கு ஊற்றிய தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் முதன்முதலில் கடலைப் பார்த்த கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூட டூர், மெரினா, அலையில் போன செருப்பு என்று ஆளுக்கொன்று இருக்கும். என் கதை கொஞ்சம் தலைகீழானது. கடலைக் கண்ணால் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே கடல் தண்ணீரை நக்கிப் பார்த்தவள் நான். அதுவும் பெங்களூரில், ஜோகுபாளையத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்தது. குழாயில் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் போர்வெல் தண்ணீர். கீழ் வீட்டில் நாங்களும் சித்தப்பாவும் ஒன்றாகத்தான் இருந்தோம், ஒரே அடுப்பு. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சித்தி திருப்பத்தூர்ப் பக்கம். கோடையில் தண்ணீருக்காகக் குடத்தோடு வயல் வயலாக அலையும் ஊர். அவளும் கடலைப் பார்த்ததில்லை.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெங்களூரிலேயே ஒரு பெரிய படிப்பு படித்துக்கொண்டிருந்தார். மழை எப்படி வருகிறது என்று கண்டுபிடிக்கும் படிப்பு என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். மாமா, "மழை இல்லக்கா, கடல்" என்று திருத்துவார். "கடலே இல்லாத ஊர்ல உக்காந்து கடலைப் படிக்கிறானாம், சுகமான வேலை" என்று சித்தப்பா கிண்டலடிப்பார். மாமாவுக்குக் கோபமே வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, கடல் கதை சொல்வார்.

அந்தக் கதைகளை வாய் பிளந்து கேட்டவர்கள் நானும் சித்தியும்தான். கடலில் தீக்குச்சி இல்லாமல் தானே வெளிச்சம் போட்டுக்கொள்ளும் பூச்சிகள் உண்டு என்பார். ஆழத்தில் வெயிலே படாத இடத்தில் வாழும் மீனுக்கு மேலே வந்தால் உயிர் போய்விடும் என்பார். "வங்காள விரிகுடாவுல மேல் தண்ணி அவ்வளவா உப்பு கரிக்காது. கங்கை, கோதாவரி, காவேரின்னு எல்லா ஆறும் வந்து கொட்டுது இல்ல, நல்ல தண்ணி மேல போர்வை மாதிரி கெடக்கும்" என்று ஒருமுறை சொன்னார். சித்தி பாத்திரம் துலக்குவதை நிறுத்திவிட்டு, "கடலுக்கே குடிக்கத் தண்ணி வருதுன்னு சொல்லுங்க" என்றாள். மாமா சிரித்துவிட்டார்.

பொங்கல் முடிந்த கையோடு மாமாவுக்குக் கப்பலில் போகும் வாய்ப்பு வந்தது. ஆராய்ச்சிக் கப்பல், இரண்டு மூன்று மாதம் கரைக்கே வராது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாலை, ஆட்டோவில் கண்ணாடித் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பின்னால் இரண்டு கேன் கடல் தண்ணீர். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் அவருடைய நண்பர் ரயிலில் கொண்டுவந்து கொடுத்ததாம். ஹாஸ்டலில் விட்டுப் போக முடியாது, அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிக்குள் ஒரு கல். கல்லின்மேல் ஒரு பூ. செம்மண் நிறத்தில் குட்டையான தண்டு, அதன்மேல் விரல் விரலாக இளஞ்சிவப்பு இதழ்கள். காற்றே இல்லாமல் அவை அசைந்துகொண்டிருந்தன.

"பூ இல்ல இது, பிராணி. கடற்சாமந்தின்னு பேரு" என்றார் மாமா. "கண்ணு கெடையாது, மூளை கெடையாது. ஒரே வாய்தான். தின்றதும் அதுலதான், கழிக்கிறதும் அதுலதான்."

"சீ" என்றாள் அம்மா.

"விஷயம் அதில்லக்கா. இதுக்கு வயசே ஆகாது. முதுமைன்னு ஒண்ணு இதுக்கு வர்றதா யாரும் இதுவரைக்கும் பாக்கல. யாரும் கெடுதல் பண்ணாம இருந்தா நம்ம எல்லாரையும் அனுப்பிவெச்சுட்டு இது பாட்டுக்கு இருக்கும்."

என்னைக் கூப்பிட்டு விரலால் தொடச் சொன்னார். தொட்டேன். இதழ்கள் என் விரலைப் பசைபோலப் பிடித்து இழுத்தன. நான் கையை எடுத்த வேகத்தில் அது சுருங்கி, ஒரு அவித்த உருளைக்கிழங்கு போல ஆகிவிட்டது. ஈரம் பட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான் நக்கிப் பார்த்த கடல் அதுதான்.

சித்தி தொடவில்லை. தொட்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அது மறுபடி விரியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமா கிளம்பும் அவசரத்தில் சொன்னது மூன்றே விஷயம். காற்று மோட்டாரை நிறுத்தக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு இறால் துணுக்கு. தண்ணீர் குறைந்தால் பார்த்து ஊற்ற வேண்டும். அப்புறம் பையிலிருந்து தெர்மோகோல் கப்புகளை எடுத்து, ஆளுக்கொன்றில் பெயர் எழுதித் தரச் சொன்னார். கப்பலிலிருந்து கயிறு கட்டிக் கடலின் ஆழத்துக்கு இறக்கினால் தண்ணீரின் கனத்தில் நசுங்கிக் குட்டியாக வரும் என்றார். அம்மா, அப்பா, சித்தப்பா, நான் எல்லோரும் எழுதினோம். சித்தி வெட்கப்பட்டு, என்னைத் தலையைத் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் எழுதினாள்.

தையல் மிஷின் மூடிமேல் கடற்சாமந்தி குடியேறியது. தெருவே வந்து பார்த்தது. எதிர் வீட்டுக் கன்னடக்காரம்மா, பூவா மீனா என்று புரியாமல், "ஹூவா, மீனா?" என்று கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அல்சூர் மார்க்கெட்டிலிருந்து சித்தப்பா ஐந்தாறு இறால் வாங்கி வருவார், கடைக்காரன் முறைப்பான். சனிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கூடாது. அதனால் சனிக்கிழமை அதற்கும் விரதம். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். சித்தப்பா சைக்கிள் பம்பை எடுத்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்ட் வரும்வரை குழாயில் காற்றடிப்பார். "கடலே இல்லாத ஊர்ல கடலுக்கு மூச்சு குடுக்குறவன் நான்தான்டா" என்பார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அந்த வருடம் வெயில் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்தது. வாளியில் வைத்த தண்ணீர் குறைந்தது, வாசலில் துளசி வாடியது. ஆனால் தொட்டியில் மட்டும் தண்ணீர் குறையவே இல்லை. மாமா வைத்துவிட்டுப் போன கேன்களை அம்மா திறக்கக்கூட இல்லை. பூ தினமும் விரிந்தது. முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அம்மா அதையும் தன் கணக்கில்தான் எழுதிக்கொண்டாள்.

அம்மாவின் கையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் அண்டாவில் உப்பு போடுவது அம்மாதான். எவ்வளவு பெரிய சமையல்காரர் வந்தாலும் உப்பு நேரத்தில் அம்மாவுக்கு ஆள் அனுப்புவார்கள். ருசி பார்க்க மாட்டாள். ஆவியை மோந்து பார்த்துவிட்டுக் கல்லுப்பை அள்ளிப் போடுவாள், துல்லியமாக இருக்கும். கைராசிக்காரி என்று பெயர். நாற்று வைப்பது, குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவது, புது அடுப்பு பற்றவைப்பது எல்லாம் அவள் கைதான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, இல்லாமல் எப்படி இருக்கும்.

ஒரு மத்தியானம் அம்மா ரேஷன் கடையிலிருந்து சீக்கிரம் திரும்பிவிட்டாள். அரைநாள் பள்ளி என்பதால் நானும் கூடத்தில்தான் இருந்தேன். சித்தி தொட்டியின் பக்கத்தில் நின்று, பானையில் மொண்ட குடிதண்ணீரை டம்ளரிலிருந்து மெதுவாக, கண்ணாடி ஓரமாகவே ஊற்றிக்கொண்டிருந்தாள். காய்ச்சி ஆறவைத்த காவேரித் தண்ணீர். அவள் அதைத் தினமும் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பூஜைக்குப் பூ வைப்பதுபோல அதுவும் வீட்டில் நடக்கிற ஒரு வேலை என்றே நினைத்திருந்தேன்.

"என்ன பண்றே?" என்று அம்மா போட்ட சத்தத்தில் பூவே சுருங்கிவிட்டதுபோல எனக்குத் தோன்றியது.

"தண்ணி ஊத்துறேன் அக்கா."

"நல்ல தண்ணியா? கடல்ல பொறந்ததுக்கு நல்ல தண்ணியா ஊத்துவே? எத்தனை நாளா?"

சித்தி டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "தினமும் ஒரு டம்ளர்தான். எந்நேரமும் உப்புத் தண்ணியிலயே கெடக்குதே, பாவம், தாகமா இருக்காதா? கடலுக்கே ஆத்துத் தண்ணி வருதுன்னு அண்ணன் சொன்னாரே அக்கா."

"அது கடல். இது தொட்டி. அவன் உயிரா நெனச்சுக் குடுத்துட்டுப் போயிருக்கான், நீ விளையாடிக்கிட்டிருக்கே!"

நான் வாயைத் திறக்கப் போனேன். "நீ சும்னிரு" என்று அம்மா கன்னடத்தில் அதட்டினாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். அத்தனை நாள் நல்ல தண்ணீர் ஊற்றியதில் உப்பு குறைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, உள்ளே போய்க் கல்லுப்பை அள்ளி வந்தாள். ஒரு கிண்ணத்தில் கரைத்து ஊற்றினாள். அன்றைக்கும் ருசி பார்க்கவில்லை. இனிமேல் தொட்டிப் பக்கம் போகக் கூடாது என்று சித்தியிடம் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. அம்மா தினமும் கேனிலிருந்து கடல் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். கேன் தீர்ந்ததும் கல்லுப்புக் கரைசல். பார்த்துப் பார்த்துச் செய்தாள், பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோலத்தான் செய்தாள். ஆனால் பூ விரிவது குறைந்தது. முதலில் இதழ் நுனிகள் குட்டையாயின. அப்புறம் பாதி விரிந்து நின்றது. அப்புறம் நாள் முழுக்க உருளைக்கிழங்காகவே இருந்தது. இறாலைப் போட்டால் அப்படியே கிடந்து நாறியது. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்ததை நான் நகத்தால் சுரண்டி விளையாடுவேன்.

சித்தி சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். "இன்னிக்கு விரிஞ்சுதா பாப்பா?" என்று என்னிடம் கேட்பாள். இல்லை என்பேன். "நான் ஊத்துனது உள்ளேயே இருந்து கெடுக்குது போல" என்று ஒருமுறை சொன்னாள். சித்திரை பிறப்பதற்கு முன்னால் அது கல்லிலிருந்து கழன்று மிதந்தது. சளி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மாமா கறுத்து, தாடியோடு திரும்பி வந்தார். வாசலிலேயே அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் கண்ணும் கருத்துமாப் பாத்தேன்டா. இவ நல்ல தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுட்டா." அப்பா, சித்தப்பா, எதிர் வீட்டம்மா எல்லோரும் நின்றிருந்தார்கள். சித்தி சுவரோடு சுவராக நின்றாள். மாமா தொட்டியருகே போனார். விளிம்பிலிருந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தார். விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார். அவர் முகம் கோணியது. அம்மாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"போகட்டும் விடுக்கா. வேற கெடைக்கும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பையிலிருந்து கப்புகளை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் தையல்காரர் விரலில் மாட்டும் கூடுபோலச் சின்னதாகி, எழுத்துகளும் எறும்பாகச் சுருங்கி இருந்தன. எல்லோரும் வாங்கிக்கொண்டோம். என்னுடையதை நான் அந்த வருடமே தொலைத்துவிட்டேன். சித்தியிடம் நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. மாமா அதைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வார்த்தை எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சித்திக்குக் கைராசி இல்லை என்ற பேச்சு எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது. மாவு புளிக்காமல் போனால் அவள் கரைத்தது. முருங்கை காய்க்காவிட்டால் அவள் தண்ணீர் விட்டது. மாடி கட்டிப் பால் காய்ச்சிய அன்று, அடுப்பைச் சுற்றிப் பெண்கள் நிற்க, சித்தியைப் பந்தி இலை துடைக்க அனுப்பிவிட்டார்கள். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்லவில்லை. அம்மா கெட்டவள் இல்லை. சித்தியின் பிரசவத்துக்குத் தூங்காமல் விழித்திருந்தவள் அவள்தான். ஆனால் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும்போது, "நீ ஊட்ட வேணாம்மா, நான் ஊட்டறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பெற்றவளிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சித்தி கொடுத்துவிட்டாள்.

பிறகு சித்தப்பாவுக்கு ஓசூர் ரோடு ஃபேக்டரியில் வேலை மாறியது. பொம்மனஹள்ளிக்குப் போனார்கள். அங்கே சித்தியை யாருக்கும் தெரியாது. புதிதாக ஆரம்பித்திருக்கலாம். ஆனால் குடிபோன அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்து வந்து, "நீங்க பாலை வைங்க, என் கை வேணாம்" என்று சித்தியே சொன்னதாகச் சித்தப்பா பிற்பாடு சொன்னார். கறிவேப்பிலைக் கன்றுகூடப் பிள்ளையை விட்டுத்தான் நடச் சொல்வாளாம். எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கொண்டுவந்த சட்டையைக் கட்டில்மேல் வைத்தாள். குழந்தையை நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஆசை தீர முகத்தைப் பார்த்தாள். "தூக்கல கண்ணு. நல்லா இருக்கட்டும்" என்றாள். எனக்கு அப்போது அது வெறும் பழைய காலத்து வழக்கமாகத் தெரிந்தது.

போன வருடம் அம்மா காலமானாள். காரியம் முடிந்த மத்தியானம், மாடியில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. சாப்பாட்டில் உப்பு குறைவாக இருந்ததைப் பற்றி யாரோ கீழே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா கை இல்லையே என்றார் மாமா. பிறகு, கேட்காமலே, அந்தத் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"நாக்குல வெச்ச உடனே தெரிஞ்சுபோச்சு எனக்கு. அது கடல் தண்ணி இல்ல, ஊறுகாய்த் தண்ணி. வெயிலுக்குப் போறது வெறும் தண்ணிதான்மா. உப்பு அப்படியே தங்கிடும். கொறஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உங்க சித்தி தெரியாமலே சரியாப் பண்ணியிருக்காங்க. அவங்க ஊத்துனவரைக்கும்தான் அது உயிரோட இருந்துது."

"நீங்க எங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனீங்க?"

"தண்ணி ஊத்துங்கன்னு சொன்னேன். எந்தத் தண்ணின்னு சொல்லல. அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன்."

"திரும்பி வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே மாமா?"

"எப்படிம்மா? அக்கா வாழ்ற வீடு. மச்சான் நிக்கறாரு, அவர் தம்பி நிக்கறாரு. நடுவுல நின்னுகிட்டு, நீதான் கொன்னேன்னு என் அக்காவைப் பாத்து நான் சொல்றதா? ஒரு பூச்சிதானே, நாலு நாள்ல மறந்துடுவாங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து கீழே வந்துவிட்டேன். நாம் எல்லோரும் பள்ளி லேபில் உப்புத் தண்ணீரைக் கிண்ணத்தில் காய்ச்சியவர்கள்தான். தண்ணீர் போய் உப்பு மிஞ்சியதைப் படம் போட்டு மார்க் வாங்கியவர்கள்தான். எங்கள் வீட்டுக் கண்ணாடி விளிம்பில் படிந்திருந்ததும் அதுதான் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறே பொம்மனஹள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன். சித்தியிடம் அவள் கையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்ற நினைப்பு.

சித்தப்பா வெளியே போயிருந்தார். சித்தி தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரை என் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள். சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், அந்தக் குட்டிக் கப் இருந்தது. மஞ்சளடித்துப் போயிருந்தது. பெயர் மங்கலாகத் தெரிந்தது. அதை அவள் எப்போது எடுத்து வைத்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

மாமா சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். வெயில், ஆவி, உப்பு, எல்லாவற்றையும். "நீங்க கொல்லல சித்தி. நீங்கதான் அதைக் காப்பாத்திட்டிருந்தீங்க. உங்க கை நல்ல கை" என்றேன்.

அவள் மடியில் கிடந்த கைகளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது தாகத்துலதான் செத்துச்சா பாப்பா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே மறுபடி கேட்டாள். "அதுக்கு வயசே ஆகாதுன்னு சொன்னாரு இல்ல உங்க மாமா? அக்கா திட்டுனாலும் பரவால்லன்னு நான் நிறுத்தாம ஊத்தியிருந்தா, அது இன்னிக்கும் இருந்திருக்கும், இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளிடம் ஏற்கெனவே ஒருமுறை உண்மையை மறைத்தாகிவிட்டது. இன்னொரு முறை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இருந்திருக்கும் சித்தி" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை வருடம் அவளை ஒதுக்கி வைத்ததற்காக அழவில்லை. பெற்ற பிள்ளைக்கு முதல் சோறு ஊட்ட விடாததற்காகவும் அழவில்லை. "சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேனே, ஒரு டம்ளர் தண்ணி ஊத்தலையே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.